பேர் வெட்டாத டம்ளர்

பத்தரைக்கு வருவதாகச் சொன்ன வழங்கல் ஆய்வாளர் பத்து ஐம்பதாகியும் வரவில்லை. அதனால் அனவரதம், மூன்று மாதத்துக்கு முன்பு சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை மறுபடியும் மனதுக்குள் எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அக்கா, வர்றவங்க விருந்தாளி இல்லை. அவ்வளவுதான், நான்கு சொற்கள். முப்பத்து நான்கு வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதிய புத்தகங்களின் எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் திருத்தி, அதற்கு ஒருவரும் நன்றி சொல்லாததைப் பெரிதுபடுத்தாமல் ஓய்வுபெற்று, இப்போது முதியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் மனிதருக்கு நான்கு சொற்கள் ஒரு பாரமா? குருவம்மாக்காவிடம் எவ்வளவோ சொன்னார். ஆதார் அட்டையை எடுத்து வையுங்கள் என்றார். கரண்டு ரசீது வீட்டுக்காரர் பேரில் இருந்தால் பரவாயில்லை என்றார். பெயர் நீக்கச் சான்றை மஞ்சள் பையில் திணிக்காதீர்கள், மடிப்பு விழும் என்றார். அதிகாரி பத்தரைக்கு வருவார், எங்கும் போய்விடாதீர்கள் என்றார். இத்தனையும் சொன்னவர், வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதுகூடவா தெரியாது என்று நினைத்துவிட்டார். படித்தவர்களின் சோம்பேறித்தனமெல்லாம் கடைசியில் அந்த ஒரு நினைப்பில்தான் போய் உட்காருகிறது, அதுகூடவா தெரியாது. இப்போது அதே அறையில், பத்துக்குப் பதினான்கு அடியில், சட்டையில் சுண்ணாம்பு ஒட்டாதபடி சுவரைவிட்டு நாலு விரல் தள்ளிப் பாயில் உட்கார்ந்துகொண்டு, வாசல் சட்டத்துக்குள் தெரிகிற தெருவின் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்கூட்டர் போயிற்று. அது கேஸ் ஏஜென்சிக்காரன். அடுத்த ஸ்கூட்டர் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை. எதிரே, அடுப்பு மேட்டுக்குப் பக்கத்தில், துவைத்த சேலையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாகக் குருவம்மாக்கா உட்கார்ந்திருந்தாள், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடும்வரை காத்திருப்பவர்கள் உட்காருவார்களே, அப்படி, கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு. அவளுக்கு எழுபத்தொன்று. அனவரதத்துக்கு அறுபத்து மூன்று. பதற்றம் முழுவதையும் இளையவர் தலையில் இறக்கிவிட்டதைப் போல நிம்மதியாக இருந்தாள்.

விஷயம் ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை. குருவம்மாக்காவின் பெயர் திருப்பூரில் இருக்கும் மகனுடைய ரேஷன் கார்டில் இருந்தது. அவள் பங்கு அரிசி திருப்பூரில் வெந்தது, அவள் வயிறு இங்கே, கரிசல் காட்டில். ஆகவே அந்தக் கார்டிலிருந்து பேரை எடுத்து, இங்கே ஒற்றை ஆளுக்கு ஒரு கார்டு வாங்க வேண்டும். இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டர் பெயர் நீக்கத்துக்குக் காரணம் கேட்டது. இறப்பு, திருமணம், பிற காரணங்கள். மையத்துப் பெண் படித்துக் காட்டியதும் குருவம்மாக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். செத்துட்டேன்னு போட்டா அரிசி தரமாட்டாக, அதனால கல்யாணம்னே போடுங்க சார், மாப்பிள்ளை யாருன்னு கேட்டா புழுங்கலரிசின்னு சொல்லிக்கிருவோம் என்றாள். மையமே சிரித்தது. அனவரதம் சிரித்துக்கொண்டே பிற காரணங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். உலகத்தில் மனிதர்கள் மனிதர்களை விட்டுப் பிரிவதில் முக்கால்வாசி அந்த மூன்றாவது வரிக்குள்தான் குடியிருக்கிறது என்று அப்போது தோன்றியது. அது வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. விரல்தான் கொஞ்சம் மக்கர் பண்ணியது. முப்பத்தெட்டு வருஷம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய விரல்கள். பசையும் அட்டையும் ரேகையை மொத்தமாக வழித்து எடுத்துவிட்டிருந்தன. மெஷின் ஏழு தடவை மறுத்தது. அப்புறம் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கண் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டது. பிறகு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, இந்த அம்மாள் தனியாக இருக்கிறாள், தனியாகச் சமைக்கிறாள் என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். ஒற்றை ஆளாக வாழ்வதை நிரூபிப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது? கதவைத் திறந்து விட்டால் போதுமே. மூன்று மாதத்துக்கு முன்பு ஆய்வாளர் வந்த அன்றைக்கு அனவரதம் இங்கே வரக்கூட இல்லை. தன்னைப் பார்த்தால் புரோக்கர் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்து, வீட்டில் உட்கார்ந்து பழைய அகராதி ஒன்றின் பிழைத்திருத்தப் பட்டியலில் பிழை தேடிக்கொண்டிருந்தார். இரண்டு கண்டுபிடித்தார். அந்தச் சந்தோஷத்தில் மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அவர் தூங்கிய அந்த நாளின் காலையில், அதிகாரி வருகிறார் என்றதும் குருவம்மாக்கா இரவல் கேட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறாள். எதிர் வீட்டு ஜெபக்கனியிடம் எவர்சில்வர் தட்டு ஒரு டஜன். அவளிடமே கேஸ் அடுப்பு. அடுத்த வீட்டில் பித்தளைக் குடம் இரண்டு, தண்ணீர் ஊற்றி வைக்கும் குத்துப்போணி ஒன்று. முனை வீட்டில் மூடி போட்ட பெரிய அரிசி டின், அரிசியோடு. பிளாஸ்டிக் நாற்காலி. சுவர்க் கடிகாரம். ஆள் வரும் வீடு வெறும் வீடாகக் கிடந்தால் வருகிறவர்களுக்கல்லவா அவமானம். எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, சுவரோரம் உயரவாரியாக அடுக்கி, நடுவில் நாற்காலியைப் போட்டு, வந்த ஆய்வாளரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருக்கிறாள். ஆய்வாளர் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்திருக்கிறார், நன்றி சொல்லியிருக்கிறார், போயிருக்கிறார். பத்து நாளில் பதில் வந்தது. மனுதாரரின் இல்லத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உணவருந்தப் போதுமான பாத்திரங்களும் தானிய இருப்பும் காணப்பட்டதால், மனுதாரர் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து வருவதாகத் தெரிகிறது, தனித்து வசிப்பதாகக் கூறுவது ஏற்கத்தக்கதன்று. நடை நன்றாகத்தான் இருந்தது. ஏற்கத்தக்கதன்று என்று முடித்திருந்ததை, அந்த நிமிஷத்திலும், வெட்கங்கெட்டு, ரசித்தார். படித்துக் காட்டினார். குருவம்மாக்கா முகத்தில் அவர் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. இன்னொரு தரம் வாசிங்க சார் என்றாள். வாசித்தார். எத்தனை பேருன்னு போட்டிருக்கு? பத்துக்கு மேல, அக்கா. பத்துக்கு மேல, என்று அவளும் சொன்னாள், மெதுவாக, யாரோ பழைய சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதுபோல. கூட்டுக் குடும்பம்னு கவர்மெண்டே எழுதியிருக்கு பாருங்க என்றாள். அப்புறம்தான், அப்ப அரிசி கிடையாதா என்று கேட்டாள். முதலில் அது, அப்புறம் இது. அந்த வரிசையை அனவரதத்தால் மறக்க முடியவில்லை. அவர் நிரப்பிக் கொடுத்த முப்பத்தோரு முதியவர்களின் விண்ணப்பங்களில் எத்தனையோ முகம் பார்த்திருக்கிறார், கெஞ்சும் முகம், சண்டைக்கு வரும் முகம், எல்லாம் உங்க கையிலதான் என்று காலைப் பிடிக்க வரும் முகம். மறுத்து வந்த கடிதத்துக்குள்ளும் தனக்கு ஒரு விருந்து இருப்பதைக் கண்டுபிடித்த முகம் இது ஒன்றுதான்.

மணி பதினொன்று. மேல் முறையீடு செய்து மறு ஆய்வு வாங்கியது அனவரதத்தின் வேலை. அதற்கு அவர் நான்கு பக்கம் எழுதினார், உட்பிரிவுகளோடு. இதுவும் போனால் மறுபடி முதலிலிருந்து என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் சொல்லிவிட்டார், அதற்குள் தேர்தல் வரும், அப்புறம் எல்லாம் நின்று போகும், ஒரு வருஷம்கூட ஆகலாம். ஒரு வருஷம். அந்தச் சொல்லை விழுங்க முடியாமல்தான் இன்று ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்தார். ஒரு வருஷம் தாங்குவாளா? போன மாதம் ஜெபக்கனி அவரைத் தெருமுனையில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னது காதிலேயே நிற்கிறது. மத்தியானம் ஒரு மணிக்குக் குருவம்மாக்கா வாசலில் உட்கார்ந்து சட்டியைத் தேய்க்கிறாளாம், தெருவுக்கே கேட்கும்படி, கரகரவென்று. சோறு தின்று முடித்தாயிற்று என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும், யாரும் கிண்ணத்தில் எதையாவது போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. சட்டியில ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்காது சார், நான் பார்த்திருக்கேன், சுத்தமான சட்டியைத்தான் தேய்க்கிறாக. அன்றிலிருந்து அனவரதத்துக்கு ஒரு மணி என்றால் அந்தச் சத்தம். தன் வீட்டில், சோற்றில் ரசத்தை ஊற்றும்போது, இரண்டு தெரு தள்ளி, கேட்க முடியாத அந்தச் சத்தம் கேட்கும். பசியை மறைப்பதற்கு இவ்வளவு பாடா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல் வேறொன்றாக மாறியது, அதற்கு என்ன பெயர் என்று அகராதி மனிதருக்கு உடனே பிடிபடவில்லை. சேனாதிபதிகளைப் பற்றியும் முனிவர்களைப் பற்றியும் எழுதிய புத்தகங்களை வாழ்நாளெல்லாம் அலமாரியில் அடுக்கியவர். அவர்களில் ஒருவராவது சுத்தமான சட்டியை எழுபத்தொரு வயதில் தினமும் தேய்த்திருப்பாரா என்று சந்தேகம் வந்தது.

இன்று அவர் வந்தவுடன் செய்த காரியம் அதனால்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. வீட்டை ஆராய்ந்தார். நன்றாகக் காலியாக இருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு சோற்றுச்சட்டி, ஒரு குழம்புச்சட்டி, ஒரு கரண்டி, ஒரு சொம்பு, ஒரு தண்ணீர்ப் பானை, அடிபட்டு ஒரு பக்கம் ஒடுங்கிய டம்ளர் ஒன்று, டப்பாவில் இரண்டு கைப்பிடி அரிசி, அலுமினியத் தட்டு ஒன்று. தட்டு ஒன்றல்ல. இரண்டு. சுவரில் அடித்த ஆணியில், ஓரத்தில் துளையிட்டு மாட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று தனியாகத் தொங்கியது, கண்ணாடி மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தார். புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: மாரிக்கண்ணு. மகன். அவனுக்குப் பத்து வயதானபோது தீபாவளி போனஸில் வாங்கிப் பேர் வெட்டின தட்டாம். ஆறு வருஷமாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. போனும் எடுப்பதில்லை. அக்கா, இதை மட்டும் உள்ளே எங்கேயாவது வெச்சிருவோம் என்றார் அனவரதம், மிகவும் இதமாக. அதிகாரி கண்ணில் பட்டால் மகன் இங்கேதான் சாப்பிடுகிறான் என்று நினைத்துவிடுவார். குருவம்மாக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கு வாத்தியார், தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அன்னிக்கு இல்லாததை இருக்குன்னு காட்டுனேன், நீங்க வருத்தப்பட்டீக. இன்னிக்கு இருக்கிறதை இல்லைன்னு காட்டச் சொல்றீக. இதுக்கு யாரு சார் வருத்தப்படுறது? அனவரதம் தட்டைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டார். தட்டு ஆணியிலேயே தொங்கியது. இப்போது வாசல் வெளிச்சம் அதில் பட்டு, எதிர்ச் சுவரில் ஒரு வட்டமாக விழுந்து, ஆய்வாளர் உட்காரப் போகும் இடத்துக்கு நேர் மேலே நடுங்கிக்கொண்டிருக்கிறது. இதைவிட நன்றாக யாராலும் சுட்டிக்காட்ட முடியாது.

பதினொன்று பத்து. தட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றதில் அவர் மனம் தன் வீட்டுத் தட்டுகளிடம் போய்விட்டது. பரணில் இருபத்து நான்கு. மனைவி செண்பகம் கல்யாணத்தில் சீராகக் கொண்டுவந்தவை. எல்லாவற்றிலும் செண்பகம், செண்பகம், செண்பகம் என்று அவள் பேர். அவள் போன பிறகு மூன்றாவது வருஷம் இது. அவற்றில் ஒன்று மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. அதில்தான் அவர் சாப்பிடுகிறார், கழுவுகிறார், கவிழ்க்கிறார், சோற்றுக்கடியில் அவள் பேர் தெரிகிறபோது கையைக் கழுவப் போகிறார். ஆய்வாளர் அவர் வீட்டுக்கு வந்தால் என்ன எழுதுவார்? இருபத்து நான்கு தட்டு, ஏழு அண்டா, நாலு பேர் படுக்கும் கட்டில், கூட்டுக் குடும்பம் என்று தெரிகிறது. தெரிகிறது. அந்தத் தப்பான அறிக்கை விலாசம் மாறி இந்த வீட்டுக்கு வந்துவிட்டதோ என்றுகூட நினைத்துப் பார்த்தார். அவரிடமும் ஒரு கார்டு உண்டு. அரிசி கிடையாது, சர்க்கரை கிடையாது, ஒன்றும் கிடையாது, அடையாளத்துக்கு மட்டும். எப்பொருளும் வேண்டா அட்டை என்று அதற்குப் பேர். யார் வைத்த பேரோ, வைத்தவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். காட்டுக்குப் போய்த் தவம் செய்து அடைய வேண்டிய நிலையைத் தாலுகா ஆபீஸில் ஒரு படிவத்தில் தருகிறார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நண்பர்களிடம் எடுத்துக் காட்டி, எனக்கு எப்பொருளும் வேண்டாம் என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். செண்பகம் இருந்தவரை அது நல்ல தமாஷ். ஒரு மணிக்குச் சுத்தமான சட்டியைத் தேய்க்கும் ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது பைக்குள் அது முள் மாதிரி இருந்தது. எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தார். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்காமலே தண்ணீர் வரும், பளபளவென்ற டம்ளரில். இன்று ஏனோ வரவில்லை. கேட்கவில்லை. இன்னொரு பயம் வந்து மறித்துக்கொண்டது. ஆய்வாளர் தன்னைப் பார்த்து நீங்க யாருன்னு கேட்டால்? தம்பி என்றால் சொந்தக்காரர் இருக்கிறார் என்று ஆகிவிடும். தெரிந்தவர் என்றால் புரோக்கர். நலம் விரும்பி என்றால் அரசியல்வாதி. இருபது வருஷம் தினமும் பத்திரிகை படிக்க வந்த ஒருவரை அவர் வாசகர் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்; அந்த மாதிரி ஒரு சொல், மனிதரை அவர் செய்யும் காரியத்தோடு மட்டும் நிறுத்திவிடும் சொல், தனக்கு ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் நின்றது.

ஆய்வாளர் அதே அம்மாள்தான், நாற்பது வயசு இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கண் அறையைச் சுற்றி வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த நாற்காலி இல்லாததைப் பார்த்தார். கடிகாரம் இல்லாததைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பாயில் உட்கார்ந்தார், தட்டின் வெளிச்சம் அவர் தலைக்கு மேலே. அனவரதம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நீங்க யாரு என்றார் ஆய்வாளர். அனவரதம் தயாரித்து வைத்திருந்த எல்லாச் சொற்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடி நெருக்கியடித்து நின்றன. எழுதிக் குடுக்கிறவரு என்றாள் குருவம்மாக்கா, ஸ்டவ் பக்கத்திலிருந்து. நல்ல மனுசன். என்ன, கொஞ்சம் நீளமா எழுதுவாரு. ஆய்வாளர் சிரித்துவிட்டார். அந்த நாலு பக்கம் நீங்களா சார்? மூணு நாள் வெச்சுப் படிச்சேன். எழுதிக் குடுக்கிறவரு. தேடிய சொல் அதுதான், அவ்வளவு எளிதாக, அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. அவர் அந்தச் சொல்லில் நிம்மதியாக உட்காரப் போன நேரத்தில்தான் அதைப் பார்த்தார். குருவம்மாக்கா ஆய்வாளருக்குத் தண்ணீர் நீட்டினாள். ஒடுங்கிய டம்ளரில் அல்ல. பளபளவென்ற எவர்சில்வர் டம்ளரில். எங்கிருந்து வந்தது? காலையில் அவர் ஆராய்ந்தபோது இல்லையே. சேலைத் தலைப்புக்குள்ளா? அரிசி டப்பாவுக்குப் பின்னாலா? ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று படித்துப் படித்துச் சொல்லியும், இவ்வளவு ஆன பிறகும், வீட்டுக்கு வந்தவளுக்கு நெளிந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒற்றை டம்ளர், அவ்வளவுதான், ஆனால் அவர் கண்ணுக்குள் ஒரு டஜன் தட்டும் கேஸ் அடுப்பும் குத்துப்போணியும் திரும்ப வந்து உயரவாரியாக அடுக்கிக்கொண்டன. ஆய்வாளர் அண்ணாந்து குடித்தார். பாதியில் டம்ளரைக் கீழே இறக்கி, அதன் பக்கவாட்டில் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். படித்தார்.

ஜெபக்கனி யாரு, என்றார். அனவரதம் ஒரே நொடியில் பதினாலு பொய் தயாரித்தார், எல்லாமே இலக்கணச் சுத்தமாக. குருவம்மாக்கா ஒன்றுகூடத் தயாரிக்கவில்லை. எதுத்த வீட்டுப் பிள்ளை என்றாள். எங்க டம்ளரு அடிபட்டுக் கெடக்கு, உங்களுக்குக் குடுக்க இதை வாங்கியாந்தேன். ஆய்வாளர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னைக்கு இருந்ததெல்லாம்? அதுவும்தான் என்றாள் குருவம்மாக்கா, கொஞ்சம்கூட நெளியாமல். தட்டும் அடுப்பும் ஜெபக்கனி, குடம் பக்கத்து வீடு, டின்னு முனை வீடு. நீங்க வர்றீகன்னுதான் வாங்குனது. சாயங்காலமே விளக்கித் திருப்பிக் குடுத்துட்டேன். வேணும்னா போயிப் பாருங்க, எல்லாத்துலயும் அவுகவுக பேரு வெட்டியிருக்கும். ஆய்வாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நான் பேரைப் பார்க்கலையே, என்றார், யாரிடமும் இல்லாமல். அனவரதத்துக்கு அந்தக் குரல் தெரிந்தது. புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது உள்ளே முத்திரையைப் பார்க்காமல் வேறு நூலகத்துப் புத்தகத்தைத் தன் அலமாரியில் செருகிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தவரின் குரல். அவருக்கே அது ஒரு தடவை வந்திருக்கிறது. ஆய்வாளர் எழுந்து, இந்தத் தடவை நிதானமாக, சோற்றுச்சட்டியை எடுத்துத் திருப்பினார், குழம்புச்சட்டியை, கரண்டியை, சொம்பை. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. இதுலயெல்லாம் பேரே இல்லையேம்மா, இது உங்களோடதுன்னு நான் எப்படி நம்புறது என்றார். குருவம்மாக்காவுக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பேரு இல்லாததெல்லாம் என்னுதும்மா. ஒத்தை ஆளு சட்டிக்குப் பேரு எதுக்கு? எனக்கும் எனக்கும் மாறியா போகப் போகுது?

முப்பத்து நான்கு வருஷம் நூலகத்தில் இருந்தவர், ஒருவர் தனியாக இருப்பதற்கு நான்கு பக்கச் சான்று எழுதியவர், இருந்த இடத்தில் இருந்துகொண்டே மனதுக்குள் எழுந்து நின்றார். கையில் பென்சில் இருந்திருந்தால் கீழே வைத்திருப்பார். ஆனால் ஆய்வாளர் இன்னும் முடிக்கவில்லை. கண் ஆணிக்குப் போய்விட்டது. தட்டைக் கழற்றவில்லை, கழுத்தை நீட்டிப் பேரைப் படித்தார். மாரிக்கண்ணு யாரு? மகன் என்றாள் குருவம்மாக்கா. இங்க சாப்பிடுறாரா? இல்லை. வருவாரா? அனவரதம் கண்ணை மூடிக்கொண்டார். வரமாட்டான் என்று சொல்லக்கா. ஒரே ஒரு சொல். உண்மைதானே அது, ஆறு வருஷ உண்மை, சொல்லிவிட்டால் பேனா கீழே இறங்கிவிடும், அரிசி வந்துவிடும், சொல்லக்கா. தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. வரலைன்னு எழுதிக்கோங்க என்றாள் குருவம்மாக்கா. வரமாட்டான்னு எழுதிராதீக. ஆய்வாளர் அவளைப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, முழங்காலில் ஃபைலை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதும்போது நடுவில் ஒரு தடவை நிறுத்தி, தட்டு ரெண்டுன்னு எழுதினா மேல கேள்வி கேப்பாங்கம்மா, ஒண்ணுன்னு போட்டுக்கிறேன் என்றார், தணிந்த குரலில், உதவி செய்கிற குரலில். குருவம்மாக்கா தலையை ஆட்டினாள். ரெண்டு இருக்குல்லம்மா. ரெண்டுன்னே போடுங்க. ஆய்வாளர் பேனாவைப் பல்லில் தட்டிக்கொண்டார். இந்த அக்காவுக்கு அரிசி வேண்டாமா என்று நினைத்தார் அனவரதம். வேண்டும். அவளைவிட அரிசி வேண்டிய ஆள் இந்தத் தெருவில் இல்லை. வேண்டியிருந்தும், வேண்டுவதற்காக அந்தத் தட்டை மட்டும் கழித்துக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஆய்வாளர் எழுதி முடித்து, சட்டப்படி மனுதாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் படித்தார். மனுதாரர் தனித்து வசிக்கிறார், தனித்துச் சமைக்கிறார். முந்தைய ஆய்வில் காணப்பட்ட பொருட்கள் அண்டை வீட்டாருக்குச் சொந்தமானவை. மனுதாரரின் பாத்திரங்கள் ஆறு. தட்டு இரண்டு, ஒன்று புழக்கத்தில் இல்லை. தனிக் குடும்ப அட்டை வழங்கப் பரிந்துரைக்கலாம்.

ஒன்று புழக்கத்தில் இல்லை. அனவரதம் அந்த வரியில் திருத்துவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் தேடினார். ஒன்றும் இல்லை. அவர் நூலகத்திலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. கழித்தவை வேறு, காணாமல் போனவை வேறு. புழக்கத்தில் இல்லாதவை என்பது யாருக்கும் இரவல் தராமல், எடைக்கும் போடாமல், உள் பீரோவில் பூட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டி, இருக்கிறது என்று எழுதி மறுபடி வைக்கிற புத்தகங்கள். இந்த ஆய்வாளர் அம்மாளுக்கு அது எப்படித் தெரிந்தது? நான்கு பக்கத்தில் தான் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்ட இடத்தை ஆய்வாளர் மூன்றே சொல்லில் தொட்டுவிட்டார். மனதார, பொறாமையே இல்லாமல், கும்பிட்டார். கார்டு வர ஒரு மாதம் ஆகும், உங்க போனுக்கு மெசேஜ் வரும் சார் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் ஹெல்மெட்டை மாட்டினார். வாசலில் நின்று, மீதித் தண்ணீரையும் குடித்து, டம்ளரைக் குருவம்மாக்கா கையில் கொடுத்தார். ஸ்கூட்டர் போயிற்று. சுவரில் இருந்த வெளிச்ச வட்டம் நகர்ந்து மூலைக்குப் போயிருந்தது.

தொண்டை காஞ்சு போச்சு அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க என்றார் அனவரதம். குருவம்மாக்கா கையிலிருந்த பளபளப்பு டம்ளரைப் பார்த்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று மாதமாக, வரும்போதெல்லாம், தனக்கும் இதே டம்ளர். ஒவ்வொரு தடவையும் அவர் தெருவில் வருவதைப் பார்த்து இவள் எதிர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள், கண்ணில் கண்ட எழுத்தையெல்லாம் படிக்கிறவர் ஒரு தடவையும் அதைப் படிக்கவில்லை. குருவம்மாக்கா அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒடுங்கிய டம்ளரை எடுத்து, பானையில் மொண்டு நீட்டினாள். அந்தப் பக்கமா வாய் வைக்காதீக, கிழிச்சிரும், இந்தப் பக்கம் குடிங்க. இனிமே உங்களுக்கு இதுதான் சார், எத்தனை நாளைக்குத்தான் ஜெபக்கனி வீட்டுக்கு ஓடுறது. அனவரதம் வாங்கினார். கை தன்னாலே அதைச் சுற்றித் திருப்பிப் பார்த்தது. ஒரு எழுத்தும் இல்லை. குடித்தார். பிறகு எப்பொருளும் வேண்டா அட்டைக்காரர் டம்ளரை நீட்டி, இன்னொரு டம்ளர் கேட்டார்.